பஞ்சவர்ணம் அத்தைக்கு ஒரு பத்திரிகை

ராமஜெயம்.

அன்புள்ள தம்பி,

நீ போனில் அனுப்பிய கல்யாணப் பத்திரிகைப் பட்டியலை நோட்டில் பார்த்து எழுதி முடித்துவிட்டேன். ஊர் வாரியாகப் பிரித்து, பிறகு உறவு வாரியாகப் பிரித்து, மூன்று தடவை சரிபார்த்தேன். சாயல்குடி மாமா வீடு இருக்கிறது. தேவிபட்டினத்தில் உனக்குச் சின்ன வயதில் கயிறு மந்திரித்துக் கட்டியவர் வீடு இருக்கிறது. ஓசூரில் உன் கம்பெனி வாசலில் நிற்கிற வாட்ச்மேன் பேர்கூட இருக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். நம் வீட்டு வலதுபக்கச் சுவரை ஒட்டியிருக்கிற வீடு மட்டும் இல்லை. மறந்திருப்பாய் என்று நினைத்துப் போன் பண்ணினேன். நீ, "மறக்கலம்மா, அவுக வேணாம்" என்றாய். நான் "சரிப்பா" என்று வைத்துவிட்டேன். அந்தச் சரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் பேசுறேன்" என்பாய். கடிதம் என்றால் அம்மா கையெழுத்துக்காகவாவது கடைசி வரை படிப்பாய்.

பஞ்சவர்ணம் அத்தையை உனக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் நாலு வருஷமாக நீ அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு வாசலைக் கடக்கிறாய். அதனால் அவள் யார் என்பதைக் கொஞ்சம் எடுத்து வைக்கிறேன். கொரோனா வந்து, கல்லூரி விடுதியைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்று மதுரையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பக்கெட்டுமாக நீ வந்து இறங்கினாயே, அன்றைக்கு உன்னை முதலில் பார்த்தவள் அவள்தான். "ஏலே, பக்கெட்டையும் தூக்கிட்டு வந்துட்டியே, இனிமே போகவே மாட்டியா?" என்று கேட்டாள். பத்து நாளில் போய்விடுவாய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அந்தப் பக்கெட்டு நம் வீட்டுக் கிணற்றடியிலேயே வெளுத்துப் போனது.

உனக்கு வகுப்பு போனிலும் கம்ப்யூட்டரிலும் நடக்கப் போகிறது என்றபோது உன் அய்யா, "அதுக்கென்ன, உக்காந்த இடத்துல படிப்பு, பஸ் காசு மிச்சம்" என்றார். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. நம் ஓட்டு வீட்டுக்குள் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாத்தியார் ஒரு வார்த்தை சொல்வார், அப்புறம் அந்தரத்தில் நின்றுவிடுவார், வாய் திறந்தபடி. நீ போனைத் தூக்கிக்கொண்டு களத்துக்கும் கிணற்றடிக்கும் நடையாய் நடந்தாய். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதைப் பார்த்த அத்தைதான், யாரும் கேட்காமலே, மாடி அறைச் சாவியைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தாள். துபாயில் வேலை பார்க்கிற அவள் மகன் கல்யாணமாகி வந்தால் தங்குவதற்கென்று கட்டிய அறை. அவன் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. டைல்ஸ் மேலே போட்டிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல் வைத்திருந்தாள். அதை உனக்காக உரித்தாள். "அங்கன கடல் காத்து நேரா வரும், சிக்னலும் அது கூடவே வரும்" என்றாள்.

அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஊரெல்லாம் பயந்து கிடந்த காலத்தைச் சந்தோஷமான காலம் என்று சொல்வது பாவமா என்று பெருமாளிடம்கூடக் கேட்டிருக்கிறேன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, திருப்புல்லாணிக் கோயில் பாயசம் குடித்துப் பிறந்த பிள்ளை நீ. பதினேழு வயதில் விடுதிக்குப் போனவன், திரும்ப என் கைச்சோறு சாப்பிட அப்படி ஒரு வருஷம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. காலையில் உனக்குக் காப்பி எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்து கீரை ஆய்வேன். உள்ளே வாத்தியார் பேசுவது எனக்கும் கேட்கும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அதற்கப்புறம் சாமி புத்தகமும் கடலை மடித்து வந்த பேப்பரும் படித்தே எழுத்துக் கூட்டியவள் நான். எனக்கு அது ரெண்டாவது பள்ளிக்கூடம். "ஆம் ஐ ஆடிபிள்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் வெளியே இருந்து நான் தலையாட்டுவேன். நோட்டில் உன் வகுப்பு நேரங்களைக் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். அந்த நேரத்தில் ரெண்டு வீட்டிலும் மிக்சி ஓடாது, குக்கர் வைக்கக் கூடாது, சேவலைக் கூடையில் கவிழ்த்துவிட வேண்டும். அத்தைக்குத்தான் பொறுமை கிடையாது. கீழே இருந்து, "ஏலே, வாத்தியாரு போயிட்டாரா? கிரைண்டரைப் போடவா?" என்று கத்துவாள். ஒரு நாள் நீ மைக்கை அணைக்க மறந்துவிட்டாய். அறுபது பிள்ளைகளுக்கும் கேட்டு, வாத்தியாரே, "இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொல்லுப்பா" என்றார். அன்றைக்கு அத்தை அரைத்த மாவில் நம் வீட்டுக்கும் இட்லி வந்தது. "உங்க வாத்தியாரு உத்தரவு குடுத்த மாவு" என்று சொல்லிக் கொடுத்தாள்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ரெண்டாவது அலை வந்த கோடை. உனக்குக் கடைசி வைவா, வாத்தியார்கள் கேள்வி கேட்கிற வாய்ப் பரீட்சை. நிலத்தில் உப்பு ஏறியிருப்பதைக் கண்டுபிடிக்கிற கருவி ஒன்றை நீ செய்திருந்தாய். உன் அய்யா ஏழு இடத்தில் மண் தோண்டிக் கொடுத்து, "என் பாட்டன் நாக்குல வச்சுப் பாத்தே சொல்லிருவான், இதுக்கு ஒயரு வேற" என்று கேலி பண்ணிக்கொண்டே, ராத்திரிச் சாப்பாட்டில் எல்லோரிடமும் அதையே பெருமையாகச் சொன்னார். சென்னையில் ஒரு கம்பெனி உன்னை எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தது. பரீட்சை முடித்த சான்றிதழ் மட்டும் அந்த மாதக் கடைசிக்குள் போக வேண்டும். மிளகாய் பழுத்துக் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. பறிக்க வந்த பெண்களோடு நானும் நாலு நாள் காட்டில் நின்றேன். நோய் அங்கே தொற்றியதாகத்தான் இருக்க வேண்டும். உடம்பு வலித்தது, குனிந்து பறித்த வலி என்று விட்டுவிட்டேன்.

வைவா அன்று காலை, உன்னை உட்கார வைத்துத் திருஷ்டி சுற்றினேன். நீ, "அம்மா, பத்து நிமிஷத்துல ஆரம்பிச்சிரும்" என்று நெளிந்தாய். ஏழு மிளகாய், கல்லுப்பு, கடுகு, முச்சந்தி மண். மூன்று சுற்று சுற்றி, மாடிப்படி உச்சியில் கங்கு போட்டு வைத்திருந்த சட்டியில் போட்டேன். நெடி வரவில்லை. உனக்குத் தெரியும், நெடி வராவிட்டால் கண் பலமாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இம்புட்டுக் கண்ணா என் பிள்ளை மேலே என்று இன்னொரு பிடி போட்டேன். நம் காட்டுக் குண்டு மிளகாய், புதுசாகக் காய்ந்தது. அப்போதும் நெடி இல்லை. மடியில் வைத்திருந்ததையெல்லாம் அள்ளிப் போட்டேன். கடல் காற்று அந்தப் புகையை அப்படியே உன் அறைக்குள் கொண்டுபோனது.

நீ இருமத் தொடங்கினாய். உனக்கு முன்னால் திரையில் மூன்று வாத்தியார்கள் கட்டம் கட்டமாக இருந்தார்கள். ஒருவர், "என்ன தம்பி, அங்க ஏதும் தீ விபத்தா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. கீழே அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அடியே, என்னத்தடி வறுக்குற? வீட்டையே கொளுத்துறியா?" என்று இருமிக்கொண்டே கத்தினாள். எதிர்வீட்டில் இருமல், தெருவில் போனவருக்கு இருமல். நீ கண்ணீரும் மூக்குமாக வெளியே ஓடிவந்து என்னைப் பார்த்தாய். நான் புகைக்கு நடுவில், ஒரு தும்மல்கூட இல்லாமல், கோயில் தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. மிளகாயில் குறை இல்லை. என் மூக்கில்தான்.

வாத்தியார்கள் நல்லவர்கள். "உடம்பைப் பாத்துக்க, நாளைக்கு இதே நேரத்துக்கு வா, முடிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டார்கள். நீ முகம் கழுவிவிட்டு, "கெடுத்தீங்களேம்மா" என்று பாதி கோபமும் பாதி சிரிப்புமாகச் சொன்னாய். நான் சிரிக்கவில்லை என்பதை நீ கவனிக்கவில்லை. சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். கற்பூரத்தை நசுக்கி முகர்ந்தேன். கருவாட்டுப் பானையைக்கூடச் சாமி அறைக்குள் கொண்டுவந்துவிட்டேன், பெருமாள் மன்னிக்கட்டும். எதற்கும் வாசம் இல்லை.

எதையும் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புத்தி தெளியும். நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம், நாளை வரை வாயைத் திறக்காமல் இருந்தால் பிள்ளை வைவாவை முடித்துவிடுவான், சென்னை வேலை கிடைக்கும் என்று எழுதினேன். வலது பக்கம் ஒரே வரிதான். பஞ்சவர்ணத்துக்கு வீசிங். முந்தின நாள் சாயந்தரம் அவள் தட்டிலிருந்து நானும் அவளும் ஒரே பணியாரத்தைப் பிட்டுத் தின்றிருந்தோம். காலையில் அவள் படியில் ஏறி, அவள் கதவைத் தொட்டு, அவள் குடத்தில் தண்ணீர் மொண்டிருந்தேன். இன்னொரு நாள் என்பது அவள் நெஞ்சுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. மைக் கட்டிய ஆட்டோவில், நோய் கண்டவர்கள் கூப்பிட வேண்டிய நம்பரைத் தினமும் சொல்லிக்கொண்டு போவார்களே, அதை நான்தான் காலண்டரில் குறித்து வைத்திருந்தேன். அந்த நம்பருக்குப் போன் பண்ணியது நான்தான், தம்பி. அத்தை இல்லை.

பிறகு கொல்லையில் நின்று, சுவருக்குத் தள்ளியே, அவளிடம் சொன்னேன். மதினி, கிட்ட வராதீக, எனக்கு வந்திருச்சு, ஆபீசுக்குச் சொல்லிட்டேன், ஆளுக வாராக என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அட கூறுகெட்டவளே, நாளைக்கு ஒரு நாள் பொறுத்திருந்தா பிள்ளை முடிச்சிருப்பான்ல! நான் என்ன இன்னைக்கே செத்தா போயிருவேன்?" என்று என்னைத் திட்டினாள்.

அடுத்து நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் ஒரு பக்கம்தான் தெரியும். வெள்ளை உடுப்பு போட்ட ஆட்கள் வந்து எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டார்கள். வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தெருவில் சவுக்குக் கம்பு கட்டினார்கள். யார் சொன்னது என்று நீ கேட்டதற்கு ஒருவர், "இங்கன இருந்துதான் போன் வந்துச்சு" என்று மட்டும் சொன்னார். மாடி அறையைப் பூட்டச் சொன்னதும் அவர்கள்தான். அத்தை அழுதுகொண்டே பூட்டினாள். நீ பூட்டை மட்டும் பார்த்தாய். என்னை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள், கரும்பலகைக்கு நேர் கீழே. மறுநாள் நீ கிணற்றடியில் நின்று, போனைத் தலைக்கு மேல் தூக்கி, வாத்தியாரிடம் கத்தியிருக்கிறாய். அவருக்கு உன் குரல் துண்டு துண்டாகத்தான் போயிருக்கிறது. அடுத்த தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் சென்னைக் கம்பெனி வேறு ஆளை எடுத்துவிட்டது.

வைவா கைவிட்டுப் போன அன்றைக்கு நீ என்னிடம் போனில் பேசினாய். "ஒரு வருசம் வீட்டுக்குள்ள விட்டுட்டு, கடைசி நாள்ல பூட்டிட்டாகம்மா. அவுகதான் போன் பண்ணிருக்காக. போன் பண்ணவ நல்லா இருப்பாளா?" என்றாய். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பயந்துவிட்டேன். நீ கேட்ட அந்தக் கேள்வி நேராக என் மேல் வந்து விழுந்தது. உடம்பு தேறி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வந்த அன்று அத்தையிடம், இன்னைக்கு அவன்ட்டச் சொல்லிருறேன் மதினி என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுத்தா. அம்மா மேல கோவம் வந்தா பிள்ளைக்குச் சோறு எறங்காது. என் மேல வந்தா என்ன, நாலு நாள் மொறைப்பான். அவன்ட்டச் சொல்லாத" என்றாள். எனக்கு அது வசதியாக இருந்தது. அதுதான் உண்மை. அவளுக்குப் பெரிய மனசு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வசதி என்று கேட்டுக்கொண்டேன். நாலு நாள் நாலு வருஷமாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாசலில் நோட்டீஸ் ஒட்டிய அந்தப் பதினாலு நாளும் சாயல்குடி மாமா வீட்டிலிருந்து சாப்பாடு வருவதாக அய்யா உன்னிடம் சொன்னார். பஸ்ஸே ஓடாத நாளில் சாயல்குடியிலிருந்து சூடாகக் குழம்பு எப்படி வரும் என்று இன்ஜினியருக்குப் படித்த நீ ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. சுவருக்கு மேலே கயிறு கட்டி வாளியில் இறங்கிய சோறு அது. அத்தை கை எப்போதும் வெந்தயத்தை அள்ளிப் போடும், அவள் குழம்பை நீ மூடி திறக்கும் முன்னே கண்டுபிடித்துவிடுவாய். அதனால் பதினாலு நாளும் வெந்தயம் போடாமல் வைத்தாள். "அது இல்லாமக் கொழம்பு வைக்க எனக்குக் கையே வரல" என்று பிறகு என்னிடம் சொன்னாள். மூன்று மாதம் கழித்து எனக்கு வாசம் திரும்பி வந்தபோது முதலில் வந்தது சுவர் தாண்டி வந்த அந்த வெந்தய வாசம்தான். கொல்லையில் நின்று அழுதேன். நீ, "என்னம்மா?" என்று கேட்டாய். வெங்காயம் என்றேன். கையில் வெங்காயம் இல்லை.

நீ வீட்டில் இருந்த அந்தப் பத்து மாதமும், அய்யாவோடு களத்தில் மிளகாய் கிண்டிவிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதன் பிறகு ஓசூரில் வேலை வந்தது, அங்கேதான் மருமகளைப் பார்த்தாய். அதனால் எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்தது என்று சொல்லி என் தப்பை நான் மூடிவைக்க மாட்டேன். உன் பரீட்சையை, உன்னைக் கேட்காமல், நானே எடுத்துத் தராசுத் தட்டில் வைத்து நிறுத்துவிட்டேன். போன் பண்ணியதற்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. அதே நாள் திரும்பி வந்தால் அதையேதான் செய்வேன். ஆனால் உன்னைக் கூப்பிட்டு அந்த நோட்டைக் காட்டியிருக்க வேண்டும். நீயே வலது பக்கத்தைத் தொட்டிருப்பாய். என் பிள்ளையை எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பாமல் போனதுதான் முதல் தப்பு. என் மேல் விழ வேண்டியதை இன்னொருத்தியைச் சுமக்க விட்டது ரெண்டாவது.

கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒரு பெண்ணோடு வாழப் போகிறவனுக்கு என்னிடம் பெரிய புத்திமதி ஒன்றும் இல்லை. அவளிடம் எதையாவது மறைக்கத் தோன்றினால், அன்று சாயந்தரத்துக்குள் சொல்லிவிடு. மறுநாள் சொல்வது ரெண்டு மடங்கு கஷ்டம். நாலு வருஷம் கழித்துச் சொல்வது எவ்வளவு என்பதற்கு இந்தத் தாளைப் பார், எத்தனை இடத்தில் அடித்திருக்கிறேன் என்று. அப்புறம், ஒரு பூட்டைப் பார்த்தால் யார் பூட்டினார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதே. பூட்டச் சொன்னது யார் என்றும் கேள்.

உன் அய்யாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு வாளிச் சோறு தெரியும், போன் பண்ணியது தெரியாது. நான் சொல்லி முடித்ததும், "நீயே எழுது. அவன் பத்திரிகைய அவனே கொண்டுபோய்க் குடுக்கட்டும்" என்றார். நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். முதல் பத்திரிகை திருப்புல்லாணிப் பெருமாள் காலடியில். ரெண்டாவது பக்கத்து வீட்டுக்கு. நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி ரெண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். ரெண்டாவதில் பேர் எழுதவில்லை. என் கையெழுத்து அதற்கு வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இன்று காலை அத்தை சுவரோரம் வந்து நின்றாள். மாடி அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறாள், கைவிரலெல்லாம் சுண்ணாம்பு. "பொண்ணு வீட்டாளுக மொத நாளே வந்துருவாகல்ல, உங்க ஓட்டு வீட்டுல எங்கன படுப்பாக? மேல படுக்கட்டும், காத்து வரும்" என்று சாவியை என் கையில் வைத்தாள். பத்திரிகை வந்ததா, வருமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பிப் போகும்போது மட்டும், "நான் குடுத்தேன்னு அவன்ட்டச் சொல்லாத" என்றாள்.

ஒரு தடவை அவள் பேச்சைக் கேட்டுவிட்டேன். இந்தத் தடவை கேட்கவில்லை. சாவி சாமி அறையில், பெருமாள் படத்துக்கு முன்னால், பேர் எழுதாத பத்திரிகை மேலே இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ வரும்போது பேனா கொண்டு வா.

உன் அம்மா